யுக்தியும் பக்தியும்: திருப்புளியடியில் கேட்ட ஒரு புதிர்

ஸ்ரீ:



இராப்பத்து நாள்களில் புறப்பாடு முடிந்து, நடை சாத்திவிட்டு அடியேன் திருமாளிகைக்குத் திரும்பும்போது இரவு வெகு நேரம் ஆகிவிடும். வெளி மண்டபத்தில் குடும்பம் குடும்பமாக ஸேவார்த்திகள் படுத்திருப்பார்கள். தூக்கம் வராத பேரக் குழந்தைகளுக்குப் பாட்டிமார் விடுகதை போடுவார்கள். இருட்டிலிருந்து எதுகையும் மோனையுமாக ஒரு கேள்வி புறப்படும். சற்று நேரம் மௌனம். பிறகு ஒரு குழந்தை, "தெரிஞ்சு போச்சு!" என்று கூவும்.

அந்தக் கூவலைக் கேட்கும்போதெல்லாம் அடியேனுக்கு ஒரு சிந்தனை எழுவதுண்டு. அக்குழந்தைக்கு விடை எவ்வாறு தெரிந்தது? யோசித்து யோசித்து, இது அன்று, அது அன்று என்று தள்ளிக்கொண்டே போய்த் தெரிந்ததா? அன்றி, மின்னல்போல் தானே உள்ளத்தில் உதித்ததா? யோசிக்கவே இல்லையென்றால் உதித்திருக்காது. யோசனை மட்டும் இருந்திருந்தாலும் உதித்திருக்காது. பகவத் விஷயத்தில் நமக்கு உண்டாகும் விச்வாஸமும் இத்தகையதுதானா? யுக்தி என்பது பக்திக்குப் பகையா, துணையா? இதனைச் சிறிது ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புதிரின் பழைமை

விடுகதை குழந்தைகளின் விளையாட்டு மட்டும் அன்று. தொல்காப்பியர் செய்யுளியலில் இதனைப் 'பிசி' என்று பெயரிட்டு, உவமையோடு கூடியது, தோற்றத்தைச் சொல்லிப் பொருளைத் துணியவைப்பது என இரு வகையாக இலக்கணம் வகுத்தார். வடமொழியில் தண்டி தம் காவ்யாதர்சத்தில் 'ப்ரஹேளிகை' என்ற பெயரால் 16 வகைகளை எண்ணிக் காட்டினார். இவற்றுக்கெல்லாம் முன்பே, அச்வமேத யாகத்தில் ரித்விக்குகள் ஒருவரையொருவர் புதிர் போட்டு வினவும் 'ப்ரஹ்மோத்யம்' என்ற அங்கம் வேதத்தில் விதிக்கப்பட்டுள்ளது.

மஹாபாரதத்தின் வனபர்வத்தில் வரும் யக்ஷப்ரச்னத்தை அறியாதார் இல்லை. பொய்கைக் கரையில் தம்பியர் நால்வரும் உயிரற்றுக் கிடக்க, யக்ஷன் தொடுத்த கேள்விகள் அனைத்துக்கும் தர்மபுத்ரர் விடை சொன்னார். ஆயினும் பரீக்ஷை அத்துடன் முடியவில்லை. தம்பியருள் ஒருவனை மட்டும் எழுப்புவதாக யக்ஷன் சொன்னபோது, பீமனையும் அர்ஜுனனையும் விட்டு நகுலனைக் கேட்டார் யுதிஷ்டிரர். குந்தியின் மக்களில் தாம் இருக்கிறோம், மாத்ரியின் மக்களிலும் ஒருவன் இருக்க வேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். கேள்விகளுக்கு விடை சொன்னது அவருடைய புத்தி. நகுலனைக் கேட்டது அவருடைய தர்மம். நால்வரையும் எழுப்பியது இந்த இரண்டாவதுதான்.

திருப்புளியடியில்

நம் ஸம்ப்ரதாயத்திற்கே உரிய புதிர் ஒன்று உண்டு. திருக்கோளூரில் அவதரித்த மதுரகவிகள் வடநாட்டில் அயோத்தி முதலிய திவ்யதேசங்களை ஸேவித்து வருங்காலத்தில், தென்திசையில் ஒரு பேரொளியைக் கண்டார். அதனையே பின்பற்றித் தெற்கே வந்தவர், திருக்குருகூரில் திருப்புளியடியில் 16 ஆண்டுகளாகக் கண் மலராமல், வாய் திறவாமல் எழுந்தருளியிருந்த நம்மாழ்வாரைக் கண்டார். உயிர் உண்டா, செவி கேட்குமா என்று அறியும் பொருட்டு ஒரு கல்லை எடுத்து எதிரே இட்டார். ஆழ்வார் கண் மலர்ந்தார். உடனே மதுரகவிகள் ஒரு புதிரை விண்ணப்பித்தார். உயிரற்ற ஒன்றின் வயிற்றில் சிறியதான ஒன்று பிறக்குமானால், அது உண்பது எதனை, கிடப்பது எவ்விடத்தில் என்பது அக்கேள்வியின் கருத்து. ஆழ்வார் அதே சொற்களாலேயே ஒரு வரியில் விடை அருளிச்செய்தார். அதனையே உண்டு அவ்விடத்திலேயே கிடக்கும் என்பது விடையின் கருத்து.

உயிரற்றது என்பது அசித்தாகிய இவ்வுடல். சிறியது என்பது அணுவாகிய ஜீவன். உடலில் புகுந்த ஜீவன் அவ்வுடலால் வரும் ஸுகதுக்கங்களையே அனுபவித்து, அதிலேயே அழுந்திக் கிடக்கிறான் என்று பெரியோர் பொருள் உரைப்பர்.

அன்பர்கள் இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கேள்வியையும் விடையையும் அடுத்தடுத்துச் சொல்லிப் பாருங்கள். கேள்வியில் இருந்த வினாவெழுத்தாகிய எகரம், விடையில் சுட்டெழுத்தாகிய அகரமாக மாறியது. 'எங்கே' என்பது 'அங்கே' ஆயிற்று. மாறியது அவ்வளவே. எதுகை மாறவில்லை, வேறு சொல் ஒன்றும் புதிதாக வரவில்லை.

வடநாடு முழுதும் சுற்றிய வித்வான் கொண்டுவந்த கேள்விக்குள்ளேயே விடை அடங்கியிருந்தது. ஆனால் எகரத்தை அகரமாக மாற்ற அவரால் இயலவில்லை. கண்டவர் ஒருவரால்தான் சுட்டிக் காட்ட முடியும். 'எது' என்று கேட்பது யுக்தியின் தொழில். 'அது' என்று சுட்டுவது அநுபவத்தின் தொழில்.

இதனால் யுக்தி வேண்டா என்று முடிவுகட்டிவிடலாகாது. நம் ஸித்தாந்தத்தில் ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என்று ப்ரமாணங்கள் மூன்று. மதுரகவிகள் வந்த வழியிலும் இம்மூன்றின் அடிச்சுவடு தெரிகிறது. ஒளியைக் கண்ணால் கண்டார், அது ப்ரத்யக்ஷம். கல்லை இட்டு, கண் மலர்ந்ததைக் கொண்டு உயிரும் உணர்வும் உண்டென்று தெளிந்தார்; அது அநுமானம். பின்னரே வினவி, விடையைச் செவியால் ஏற்றார், அது சப்தம். பரீக்ஷிக்காமல் அவர் காலில் விழவில்லை. பரீக்ஷித்துத் தெளிந்த பின் விழத் தயங்கவும் இல்லை. வயதால் முதிர்ந்தவர், இளையவரான ஆழ்வாரையே தமக்குத் தெய்வமாகக் கொண்டார். அவர் அருளிச்செய்த 11 பாசுரங்களும் ஆழ்வாரைப் பற்றியனவே.

அரை ராஜ்யமும் ஒரு கட்டுக் கீரையும்

யுக்தியின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டும் மற்றொரு சரித்ரம் ஆளவந்தாருடையது. இளம் பிராயத்தில் யாமுனர் அரசவையில் ஆக்கியாழ்வானோடு வாதம் செய்தபோது மூன்று வாக்யங்களைச் சொல்லி, முடிந்தால் மறுத்துக் கூறும் என்றார். உம்முடைய தாய் மலடி அல்லள், இவ்வரசர் தர்மம் தவறாதவர், இவ்வரசி பதிவ்ரதை என்பன அவை. ஆக்கியாழ்வான் வாயடைத்து நின்றார். பின்பு யாமுனர் தாமே சாஸ்த்ர வசனங்களைக் கொண்டு மூன்றையும் மறுத்துக் காட்டினார். ஒற்றை மரம் தோப்பு ஆகாதவாறு போல் ஒரே பிள்ளையைப் பெற்றவள் பெறாதவளுக்கு ஒப்பு என்பது போன்ற ஸமாதானங்கள் அவை. பந்தயப்படி அரை ராஜ்யம் கிடைத்தது. ஆளவந்தார் என்ற திருநாமமும் வந்தது.

அவை ஆரவாரித்தது உண்மைதான். ஆனால் அன்று மாலை ஆக்கியாழ்வான் தம் அகத்துக்குத் திரும்பியபோது, அவரைப் பெற்றவள் அவரைப் பெற்றவளாகவே இருந்தாள். வாதத்தில் வென்றதனால் உலகில் ஒரு பொருளும் மாறிவிடவில்லை. யுக்தி என்பது கூரிய கத்தி. பிடித்தவன் கை எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் வெட்டும்.

அத்தகைய ஆளவந்தாரை மணக்கால் நம்பி எவ்வாறு மீட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். வாதத்துக்கு அழைக்கவில்லை. ஆறு மாத காலம் நாள்தோறும் தூதுவளைக் கீரையைத் திருமடைப்பள்ளியில் சேர்த்து வந்தார். ஒருநாள் நிறுத்தினார். இலையில் கீரை இல்லையே என்று ஆளவந்தார் வினவினார். அந்த ஒரு வினாவுக்காகத்தான் நம்பி காத்திருந்தார். பிறகு கீதார்த்தத்தை உபதேசித்து, திருவரங்கத்துக்கு அழைத்துச் சென்று, பாட்டனார் நாதமுனிகள் வைத்த நிதி இதுவே என்று பெரிய பெருமாளைக் காட்டிக் கொடுத்தார். அங்கும் 'எங்கே' என்பது 'இங்கே' என்று ஆனதைத் தவிர வேறில்லை.

ஒரு தாய் போட்ட புதிர்

இதுவரை சொன்னவை பெரியோர் சரித்ரங்கள். இனி அடியேன் செய்த பிழை ஒன்றைச் சொல்லிக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகள் எவரிடமும் சொன்னதில்லை.

பாடசாலையிலிருந்து வந்து கைங்கர்யத்தில் அமர்ந்த புதிது. ந்யாய சாஸ்த்ரத்தில் கொஞ்சம் பயிற்சி உண்டு. அந்தக் கொஞ்சம் தலைக்கு ஏறியிருந்த காலம். ஒருநாள் உச்சிப்பொழுதில் கூட்டம் கலைந்த பின் ஒரு கிராமத்துப் பெண்மணி தனியாக நின்றாள். தீர்த்தம் கொடுக்கக் கையை நீட்டச் சொன்னேன். அவள் நீட்டவில்லை.

"நாலு வயசுப் பையன், சாமி. மூணு நாள் காய்ச்சல். போயிட்டான். பெருமாள் இருக்காரா, சாமி?" என்று கேட்டாள்.

அடியேன் சற்றும் தயங்காமல், "இருக்கிறார், அம்மா. குடத்தைப் பார்த்தால் அதைப் பண்ணின குயவன் ஒருத்தன் உண்டு என்று தெரிகிறதல்லவா? அதுபோல, உலகத்தைப் பார்த்தால் பண்ணினவர் ஒருவர் உண்டு என்று தெரிந்துகொள்ள வேண்டும்" என்றேன்.

அவள் சிறிது நேரம் நின்றாள். பிறகு, "குடம் உடைஞ்சா குயவனுக்கு வலிக்குமா, சாமி?" என்றாள்.

அடியேனிடம் விடை இல்லை. ஸ்ரீசடாரியை எடுப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். மீண்டும் பார்த்தபோது அவள் போய்விட்டிருந்தாள். தீர்த்தம்கூட வாங்கவில்லை. அதன் பிறகு எத்தனையோ உத்ஸவங்களில் கூட்டத்தில் அந்த முகத்தைத் தேடியிருக்கிறேன். கண்டதில்லை.

அன்று அடியேன் செய்த பிழைகள் இரண்டு. முதலாவது, சாஸ்த்ரத்துக்குச் செய்த பிழை. குடம், குயவன் என்ற அநுமானத்தால் ஈச்வரனை நிலைநாட்டுவது நையாயிகர்களின் வழி. எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் சாஸ்த்ரயோநித்வ அதிகரணத்தில் இவ்வநுமானம் நில்லாது என்று விரிவாக மறுத்தருளினார். பெரிய காரியங்களைப் பலர் கூடிப் பல காலங்களில் செய்வதையும் காண்கிறோமே. இவ்வுலகைச் செய்தவன் ஒருவனே என்று வெறும் அநுமானம் எப்படிச் சொல்லும் என்பது அங்கே வரும் வாதங்களில் ஒன்று. அவர் மறுத்த வாதத்தையே, அவர் பெயரைச் சொல்லி வயிறு வளர்க்கும் அடியேன் ஒரு தாயிடம் எடுத்து நீட்டினேன்.

இரண்டாவது பிழை இதனினும் பெரிது. 'பெருமாள் இருக்காரா' என்று அவள் கேட்டது, உண்டா இல்லையா என்ற கேள்வி அன்று. 'என் பக்கத்தில் இருக்காரா' என்பதே அதன் பொருள். சொல் ஒன்றைக் காட்ட, பொருள் வேறொன்றாய் மறைந்திருப்பதுதானே புதிரின் இலக்கணம்? தண்டியின் 16 வகைகளையும் நெட்டுருப் போட்டவனுக்கு, எதிரே கண்ணீரோடு நின்ற பதினேழாவது புரியவில்லை.

அவள் போட்ட புதிருக்கு விடை தேடுவதிலேயே பல ஆண்டுகள் சென்றன. குயவன் குடத்துக்கு வெளியே நிற்பவன். செய்து, விற்று, மறந்துவிடுபவன். எம்பெருமானார் காட்டிய எம்பெருமான் அத்தகையவன் அல்லன். ப்ருஹதாரண்யகத்தின் அந்தர்யாமி ப்ராஹ்மணத்தைக் கொண்டு, சேதநாசேதனங்கள் அனைத்தும் அவனுக்குச் சரீரம், அவன் அவற்றுக்கு ஆத்மா என்று நிலைநாட்டினார். உடலுக்குள் ஜீவன் இருப்பதுபோல, அந்த ஜீவனுக்குள் அவன் இருக்கிறான். ஆகவே மதுரகவிகளின் புதிரில் வந்த சிறியது, உடலில் தனியே கிடக்கவில்லை. வெளியே நிற்கும் குயவன் போய்விடலாம். உள்ளே உயிராக நிற்பவனுக்குப் போக இடம் ஏது?

வலிக்குமா என்ற கேள்விக்கு வருவோம். ஜனங்களுக்குத் துன்பம் நேர்ந்தால் ஸ்ரீராமன் அவர்களினும் மிகத் துக்கப்படுவான் என்பது வால்மீகி பகவான் அயோத்யா காண்டத்தில் காட்டும் குணம். தயை என்ற குணத்துக்கு இலக்கணம் சொல்லுமிடத்தில் ஆசார்யர்களிடையே இரு நிர்வாஹங்கள் உண்டு. பிறர் துக்கம் கண்டு தானும் துக்கித்தல் என்பர் சிலர். பிறர் துக்கத்தைப் போக்க வேண்டும் என்ற இச்சையே தயை என்பர் வேறு சிலர். எந்த நிர்வாஹத்தைக் கொண்டாலும், உடைந்ததைக் கண்டு சும்மா இருப்பவன் அல்லன் எம்பெருமான் என்பது ஸித்தம்.

ஆனால் அந்தக் குழந்தை ஏன் போயிற்று என்பதற்கு இது விடை ஆகாது. கர்மம் என்ற சொல் சாஸ்த்ரத்தில் இருக்கிறது. அதை அந்தத் தாயின் முகத்துக்கு நேரே சொல்ல இன்றும் அடியேனுக்கு நா எழாது. இப்போது அப்படி ஒருவர் வந்து நின்றால் அடியேன் செய்வது இவ்வளவே. குழந்தையின் பெயரைக் கேட்கிறேன். தூணடியில் அமரச் சொல்லி ப்ரஸாதம் கொடுக்கிறேன். அவர்கள் பேசினால் கேட்கிறேன். மணக்கால் நம்பி கீரையில் தொடங்கி கீதையில் முடித்தார். அடியேன் கீதையில் தொடங்கினவன்.

கனவு ப்ரமாணம் ஆகுமா?

இதைக் கேட்டு, அப்படியானால் யுக்தியை விட்டுவிட்டு உள்ளத்தில் தோன்றுவதையே பற்றிக்கொள்ளலாமே என்று ஒருவர் எண்ணக்கூடும். அதுவும் பிழை.

சில ஆண்டுகளுக்கு முன் நீரிழிவு நோயுற்ற ஓர் அன்பர் வந்தார். காலில் புண். பெருமாள் கனவில் எழுந்தருளி மருந்தை நிறுத்தச் சொன்னதாகவும், துளஸி தீர்த்தம் ஒன்றே போதும் என்றதாகவும் சொன்னார். அவருடைய பக்தியில் ஐயம் இல்லை. ஆயினும் அன்று அடியேன் மௌனமாக இருக்கவில்லை. "ஸ்வாமி, தேவரீர் நாள்தோறும் ஸஹஸ்ரநாமம் சொல்கிறீர். 'பேஷஜம்', 'பிஷக்' என்ற திருநாமங்கள் அதில் அடுத்தடுத்து வருகின்றனவே. மருந்தும் அவனே, மருத்துவனும் அவனே என்றல்லவா சொல்கிறோம்? திருவரங்கத்தில் தன்வந்தரிக்கு ஸந்நிதியே இருக்கிறது. அப்படிப்பட்டவன் மருந்தைத் தள்ளச் சொல்வானா? தீர்த்தத்தையும் ஸ்வீகரியும், மருந்தையும் உண்ணும்" என்றேன். முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு வைத்யரிடம் போனார். அடுத்த உத்ஸவத்துக்குத் தம் காலால் நடந்து வந்து ஸேவித்தார்.

எம்பெருமானார் அநுமானத்தை மட்டும் அன்று, யோகிகளின் காட்சியையும் அதே இடத்தில் ஆராய்கிறார். பாவனையின் முதிர்ச்சியால் உள்ளத்தில் தோன்றுவது முன்பு அநுபவித்ததன் நினைவேயாதலால், அது தனித்து ப்ரமாணம் ஆகாது என்பது அவர் திருவுள்ளம். ஆழ்வார்களின் காட்சி அவ்வாறு தம் முயற்சியால் வந்ததன்று. அவன் அருளால் வந்தது. வேதத்தோடு ஒத்திருப்பது என்பதனாலேயே தமிழ் மறையாகப் போற்றுகிறோம். ஆகவே உள்ளத்தில் ஒன்று தோன்றினால், அது சாஸ்த்ரத்தோடு ஒக்கிறதா, பிறருக்கோ தனக்கோ தீங்கு விளைக்கிறதா, தன் ஆசையே வேஷம் போட்டு வந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கேட்பது யுக்தி. கேட்பதனால் பெருமாள் கோபிக்கமாட்டார். கல்லை இட்டுப் பார்த்த மதுரகவிகளை ஆழ்வார் கோபித்ததாக வரலாறு இல்லை.

தீவட்டி

மாலையில் ப்ரபந்தம் கற்க வரும் சிறுவர்களுக்காக அடியேன் இட்டுக்கட்டிய விடுகதை ஒன்று:

வாசல் வரைக்கும் முன்னே வருவான்,
வழிநெடு கிலுமே ஒளியைத் தருவான்;
ஆசனம் இருக்கும் அறைக்குள் செல்லான்,
ஆரவன் என்பதை அறிந்தவன் சொல்வான்!

ஒரு பையன், "தீவட்டி!" என்று கூவினான். சரியான விடை. புறப்பாட்டில் பெருமாளுக்கு முன்னே செல்வது தீவட்டி. உள்ளே எரிவது திருவிளக்கு. யுக்தியும் தீவட்டியைப் போன்றதுதான், வாசலோடு அதன் கைங்கர்யம் முடிந்தது என்று அடியேன் விளக்கத் தொடங்கினேன். அதற்குள் வேறொரு பையன், "திரும்பி வீட்டுக்குப் போறப்போவும் இருட்டாத்தானே இருக்கும், மாமா? அப்பவும் தீவட்டி வேணுமே?" என்றான்.

அடியேனுக்கு இது தோன்றியதே இல்லை. ஸேவித்துவிட்டு மீண்டும் உலகத்துக்குத்தான் திரும்புகிறோம். அங்கே நோயாளிக்கு வழி சொல்ல வேண்டும், தகாததைத் தகாதென்று தள்ள வேண்டும். அதற்கு வெளியே வைத்த தீவட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். சிறுவன் சொன்னதே ஸித்தாந்தம் என்று ஒப்புக்கொண்டேன்.

இராப்பத்தின் நிறைவு நாளில் ஆழ்வார் திருவடி தொழல் நடைபெறும். அர்ச்சகர்கள் கைத்தலத்தில் ஆழ்வாரை எழுந்தருளப்பண்ணி, பெருமாள் திருவடியில் சேர்த்து, திருத்துழாயால் முழுதும் மூடுவோம். சற்று நேரம் ஆழ்வாரைக் காண முடியாது. பச்சைத் துழாயும் திருவடியும்தான் தெரியும். அந்த நேரத்தில் இத்தனை கூட்டத்திலும் ஓசை அடங்கிவிடும். பிறகு உலகத்தாருக்காக ஆழ்வாரைத் திருப்பித் தந்தருள வேண்டும் என்று விண்ணப்பிக்க, பெருமாள் தந்தருளுவார்.

இவ்வாண்டு அந்தத் திருத்துழாயைச் சாத்தும்போது அந்தத் தாயையும், அவளுடைய நாலு வயதுக் குழந்தையையும் அடியேன் நினைத்துக்கொள்வேன். நீங்களும் உங்களை விட்டுப் பிரிந்தவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். அருகில் இருக்கும் குழந்தை ஏதேனும் கேட்டால் "சும்மா இரு" என்று அடக்காதீர்கள். தெரிந்த விடையைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், அதன் விரலைப் பிடித்து, "அதோ" என்று காட்டுங்கள்.

ஆழ்வார் திருவடிகளே சரணம்.

அடியேன்,
ஸந்நிதி அர்ச்சகன்